பூஜ்யத்தில் நின்ற முள்

தம்பி,

இந்தக் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலம் என்பது உன் ஸ்டேட்டஸ் படங்களிலேயே தெரிகிறது. நான் நலமா என்று நீ கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அனுப்புகிற செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. "சாப்பிட்டாயா" என்றாலும் கட்டைவிரல், "கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது" என்றாலும் கட்டைவிரல், "உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்" என்றாலும் அதே கட்டைவிரல். உனக்கு மட்டும் எழுதி அனுப்பினால் இதற்கும் அதுதான் வந்து சேரும். அதனால் மற்றவர்களும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பயப்படாதே, உன் பெயரைப் போடவில்லை, ஊர்ப் பெயரையும் போடவில்லை, மற்றவர்கள் பெயர்களை மாற்றிவிட்டேன். வலங்கைமானுக்கும் திருவாரூருக்கும் நடுவில் எத்தனையோ ஊர் இருக்கிறது, எத்தனையோ வீட்டில் சிங்கப்பூரில் ஒரு மகன் இருக்கிறான். யாரைப் பற்றிய கடிதம் என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமனார் தஞ்சாவூரிலிருந்து குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். உனக்கே தெரியும், நீயும்தான் இருந்தாய், சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள். மாங்காய்ப் பச்சடி, வாழைப்பூ வடை என்று காலையிலிருந்து அடுப்படியில் வெந்து, ஒருவழியாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு வந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சம்பந்தியம்மா, மாப்ள உங்களப் பத்தி ஒரு கதை சொன்னார். நீங்க ஏதோ மீட்டர் கட்டி மாட்டுனீங்களாம், ஒயர் அறுந்தது தெரியாம அத நம்பி ஊர் வயலே முழுகிப்போச்சாமே!" என்றார். மனுஷர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சொந்தமாகப் போகிறவர்களைக் கேலி செய்வது நம் பக்கத்து வழக்கம்தானே. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் போனுக்குள்ளிருந்து, "ஐயோ மாமா, அத ஏன் இப்ப எடுக்குறீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரசக் கரண்டியோடு நின்றேன். உனக்கு நிச்சயித்த பெண் நிவேதா மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் அத்தை, ஒயர் அறுந்துபோச்சுன்னா அது அறுந்துபோச்சுன்னு மீட்டர் காட்டாதா?" என்றாள். பாங்கில் வேலை பார்க்கிற பெண், இந்தப் படிப்பெல்லாம் படிக்காதவள், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டாள். "அத உன் மாப்பிள்ளைக்கிட்டக் கேளும்மா" என்று போனைக் காட்டினேன். நீ, "அம்மா, நெட்டு சரியில்ல, அப்புறம் பேசுறேன்" என்று போய்விட்டாய். அதுவரை உன் குரல் மணி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்கு நீ சொல்லமாட்டாய். நான் சொல்கிறேன், அவளும் படிக்கட்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வோல்டேஜ் என்றால் என்ன, கரண்ட் என்றால் என்ன என்று கேட்டாய். நான் பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே உனக்கும் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது வோல்டேஜ், மடையில் எவ்வளவு பாய்கிறது என்பது கரண்ட். உயரத்தை மட்டும் நம்பி ஒரு சேதியைத் தூரத்துக்கு அனுப்பினால், போகிற வழியில் அது இறங்கிக்கொண்டே போகும். ஒயர் நீளம் ஒரு பக்கம் தின்னும், பச்சை பிடித்த ஜாயிண்ட் ஒரு பக்கம் தின்னும். அதனால்தான் தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் வோல்டேஜைக் கரண்டாக மாற்றி அனுப்புகிறார்கள். அதற்குப் பெரிய மந்திரம் ஒன்றும் வேண்டாம். பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால் உள்ள ஒரு டிரான்சிஸ்டர், அதன் எமிட்டர் காலில் ஒரு ரெசிஸ்டர். பேஸில் நீ கொடுக்கிற வோல்டேஜில் தன் தரகாக அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே அந்த ரெசிஸ்டரின் தலையில் நிறுத்தும். ரெசிஸ்டர் அதற்குத் தகுந்த கரண்டை இழுக்கும். அதே கரண்ட்தான் கலெக்டர் வழியாக ஒயரில் ஓடும். பேட்டரியில் தெம்பு இருக்கிறவரை ஒயரின் நீளத்தைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. மறுமுனையில் இன்னொரு ரெசிஸ்டரைப் போட்டால் கரண்ட் மறுபடியும் வோல்டேஜாகி மீட்டர் முள்ளை அசைக்கும். தலைமடையில் விட்டது குறையாமல் கடைமடைக்கு வந்து சேருகிற அதிசயம் காவிரியில் நடக்காது, இந்த ஒயரில் நடக்கும் என்று நான் சொன்னதும், உன் அப்பா அடக்கமுடியாமல் சிரித்தார். உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நம் ஊர் வடிகால் போய்ப் பெரிய வடிகால் ஆற்றில் விழுகிற இடத்தில் இருக்கிற மதகு ஷட்டரை நிவேதா பார்த்திருக்கமாட்டாள். சாதாரணமாக அது திறந்தே இருக்கும், வயல் தண்ணீர் வடிந்து வெளியே போக வேண்டுமே. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மேற்கே கொட்டிய மழை வந்து சேர்ந்து, வெளியே ஆறு நம் வயலைவிட உயர்ந்துவிட்டால், தண்ணீர் அதே வழியாகத் திரும்பி உள்ளே ஏறும். அதற்குள் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஆறு ஏறும் என்பதுதான் அதில் இருக்கிற பொல்லாப்பு. அதனால் மழைக்காலத்தில் ஊரில் முறை போட்டு ஒருவர் சேற்று வரப்பில் ஷட்டர்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். நீ இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தபோது, ஆற்றில் ஒரு சென்சாரை இறக்கி, வரப்போரமாக ஒயர் இழுத்து, ஊருக்குப் பக்கத்தில் மோட்டார் கொட்டகையில் ஒரு முள் மீட்டரை மாட்டிவிட்டால் யாரும் நடக்க வேண்டாம் என்றாய். நல்ல யோசனைதான். உண்மையாகவே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் நீ வாங்கிவந்த சென்சார் வோல்டேஜாகத்தான் சொல்லும். தண்ணீர் இல்லை என்றால் பூஜ்யம், நிறைந்தால் ஐந்து. அவ்வளவு தூரத்துக்கு இப்படி அனுப்பாதே, கரண்டாக மாற்று, அதிலும் நாலு மில்லியாம்ப்பிலிருந்து தொடங்கு என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். நிவேதா, நீ கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஆலைகளில் எல்லாம் நாலிலிருந்து இருபதுவரைதான் ஓட்டுவார்கள். தண்ணீர் துளிகூட இல்லாவிட்டாலும் ஒயரில் நாலு ஓடிக்கொண்டே இருக்கும். 'நான் இருக்கிறேன், சொல்ல ஒன்றுமில்லை' என்று அர்த்தம். பூஜ்யம் வந்தால் ஒயர் அறுந்துவிட்டது, ஓடிப்போய்ப் பார் என்று அர்த்தம். இல்லை என்பதும் அறுந்துபோனது என்பதும் ஒன்றாகத் தெரியக்கூடாது என்பதற்காகவே அந்த நாலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அந்த சர்க்யூட்டை உனக்கு வரைந்துகூடக் கொடுத்தேன். "அம்மா, இதெல்லாம் உங்க காலத்து சமாச்சாரம். டிப்ளமோ புக்க விட்டு வெளிய வாங்க" என்றாய். அந்தக் காகிதத்தின்மேல்தான் டீ டம்ளரை வைத்தாய். அந்த மீட்டரில் ஒரு டையோடைக்கூட நான் தொடவில்லை. நீதான் தொடவிடவில்லை.

மாட்டிய அன்றைக்கு ஊரே கொட்டகையில் கூடியது. ஊராட்சித் தலைவர் உனக்குப் பொன்னாடை போர்த்தினார். "இது முழுக்க என்னோட சொந்த டிசைன்" என்று நீ மைக்கில் சொன்னாய். யாரோ என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க ஒண்ணும் உதவி பண்ணலையா?" என்று கேட்டதற்கு, "அம்மாவுக்கு இந்த டெக்னாலஜி தெரியாதுங்க" என்று நீயே முந்திக்கொண்டு சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெற்ற பிள்ளை மேலே ஏறுகிறான், என் தோளில் மிதித்து ஏறினால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். ஏறின பிறகும் அந்தக் காலை நீ எடுக்கமாட்டாய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை அது. இங்கே மழை விட்டு நல்ல வெயில். அன்றைக்கு முறை சாமி அண்ணனுடையது. நம் பக்கத்து வீட்டுக்காரர், முழுப்பெயர் ஆரோக்கியசாமி. ஷட்டரை ஒட்டிய பள்ள நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து சம்பா நட்டிருந்தவர். தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் வருவது அவர் வயலுக்குத்தான் என்பதால் ஊரில் யாரையும்விட அவர்தான் ஷட்டருக்கு அதிகம் நடப்பார். மீட்டர் வந்ததும் அந்த நடையை விட்டுவிட்டார். "தம்பி கண்ணாட்டம் ஒண்ணு வச்சுக் குடுத்துருக்கு, நமக்கென்ன கவலை" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்வார். அன்று காலை மனைவி ஸ்டெல்லாவோடு மாதா கோயிலுக்குப் புறப்பட்டவர், கொட்டகையில் எட்டிப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. ஆறு நன்றாக வடிந்துவிட்டது என்று சந்தோஷமாகப் பூசைக்குப் போனார். ஆறு வடியவில்லை. வரப்புக்குள் போன ஒயரை எலி கடித்துவிட்டிருந்தது. அவர் திரும்பி வந்தபோது தண்ணீர் ஷட்டர் வழியாக மல்லுக்கட்டிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த இழுப்பில் ஷட்டர் இறங்கவில்லை. பூசைக்குக் கட்டிய வேட்டியோடு கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஷட்டர் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்த மனுஷனை நானும் உன் அப்பாவும் கரையில் நின்று பார்த்தோம். நீயும் பார்த்தாய். நட்ட பயிர் தூர் கட்டுகிற நேரத்தில் முழுகி அழுகிப்போனது. நம் வயலும் போனதுதான், ஆனால் நமக்கு என் சம்பளம் இருந்தது.

ஊர் கொட்டகையில் கூடியது. பொன்னாடை போர்த்திய அதே இடம். "யாருப்பா இந்த மீட்டருக்குப் பொறுப்பு?" என்று தலைவர் கேட்டார். நீ என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், "சர்க்யூட் அம்மாதாங்க போட்டுக் குடுத்தாங்க. நான் மாட்டுனதோட சரி." துண்டைத் தோளில் போட்டிருந்த பெரிய மனுஷர் ஒருவர், "அதான பாத்தேன். பொம்பள கட்டுன மீட்டர நம்பி வயல விட்டா இப்படித்தான் ஆவும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் உனக்குக் கம்பெனி இன்டர்வியூ, அந்த முகத்தில் ரத்தமே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அது தியாகம் என்று இப்போது வந்து சொல்லாதே, எனக்குப் பிடிக்காது. உனக்கு நான் கொடுத்தது அவகாசம். பயம் தெளிந்ததும் நீயே போய்ச் சொல்வாய் என்று நினைத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உன்னுடையது எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது தஞ்சாவூர்வரை போய்ச் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டுக் கதையாகவும் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் ஒருத்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்றால் இப்போதும், "அவன் பேச்சு டீச்சர் மீட்டரு" என்பார்கள். என் காதுபடவே சொல்வார்கள், சொன்ன பிறகுதான் நான் நிற்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் மோட்டார் ஸ்டார்ட்டர் என்றாலும் டிவி என்றாலும் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள், அது நின்றுபோனது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும்போது பின் பெஞ்சில் ஒருவன் அதே சொல்லைச் சொல்ல, வகுப்பே குனிந்து சிரித்தது. அன்றைக்கு நான் நடத்திக்கொண்டிருந்தது எந்தப் பாடம் தெரியுமா? வோல்டேஜைக் கரண்டாக மாற்றுகிற சர்க்யூட்தான். ஓய்வு பெறுகிறவரை அந்தப் பாடத்தைப் போர்டைப் பார்த்தபடியேதான் நடத்தினேன். தண்ணீர் வடிந்த பிறகு அந்த சர்க்யூட்டை நானே சரியாகக் கட்டி எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். "வேணாம் டீச்சர், நாங்க கண்ணால பாத்துக்குறோம்" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். அது இப்போது நம் வீட்டு அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஒயர் கொல்லைக் குளத்துக்குப் போகிறது. கோடையில் குளம் காய்ந்து கிடந்தாலும் முள் நாலில் நிற்கும். சாதம் வடிக்கும்போது அதைப் பார்த்துக்கொள்வேன். நான் சொன்னது சரிதான் என்று என்னிடம் சொல்ல இந்த வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது.

என் கதை இருக்கட்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது பழமொழி. இங்கே பழி எனக்கு, பாவம் உனக்கு, நஷ்டம் இரண்டுமில்லாத சாமி அண்ணனுக்கு. அந்த வருஷத்தோடு நிலத்துக்காரர் குத்தகையைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். தன் நெல்லை மூட்டை கட்டிக் கொண்டுபோன அதே கொள்முதல் நிலையத்தில் இப்போது அடுத்தவர் நெல்லை முதுகில் தூக்கிக்கொண்டிருக்கிறார். உன் வேலை என்ன என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கெமிக்கல் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். விடிந்தால் அடைந்தால் நாலிலிருந்து இருபது, நாலிலிருந்து இருபது என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். போன வருஷம் வந்திருந்தபோது நீ உன் அப்பாவிடம், "அங்க ஒரு மீட்டர் லூப்பு பூஜ்யம் காட்டுனா போதும்பா, நாங்க பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு ஓடுவோம்" என்று பெருமையாகச் சொன்னாய். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடவே ஒரு வார்த்தை, 'அம்மா அன்றைக்கே சொன்னாங்க' என்று வரும் என்று காத்திருந்தேன். நீ கிரிக்கெட் பேச்சுக்குப் போய்விட்டாய்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். உன் மாமனாரின் கேலியை நான் முழுங்கிவிட்டேன், அது காரணமில்லை. புதன்கிழமை நானும் உன் அப்பாவும் வெற்றிலை பாக்குத் தட்டில் உன் கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு சாமி அண்ணன் வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டை விட்டுவிட்டு ஊரை அழைக்க முடியுமா? எட்டு வருஷமாகத் தெருவில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, நான் அந்தப் படியேறியதில்லை. ஸ்டெல்லா, "வாங்க டீச்சர், வாங்கண்ணே, உக்காருங்க" என்று நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். சாமி அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பத்திரிகையில் உன் பெயரை விரலால் தடவிப் படித்தார். "நம்ம தம்பிக்குக் கல்யாணமா! நேத்துதான் பள்ளிக்கூடம் போன மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லிடுறேன். ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அந்த மீட்டர் விஷயத்துல உங்கமேல எனக்கு ரொம்பக் கோவம் இருந்துச்சு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போறப்பல்லாம் சாமியார்கிட்ட அதத்தான் சொல்லிட்டு இருந்தேன். இப்ப இல்லீங்க. நீங்க வேணும்னா செஞ்சீங்க? மன்னிச்சுட்டேன் டீச்சர். நீங்க இனிமே தலைய குனிஞ்சுகிட்டுப் போவாதீங்க."

அந்த மனுஷன் என்னைக் கும்பிட்டார், தம்பி. 'அது நானில்லை அண்ணே' என்று சொல்ல வாய் எடுத்தேன். உன் அப்பா பக்கத்தில் செருமினார். அவர் கையில் உன் பத்திரிகை, அதில் மஞ்சள் தடவியிருக்கிறது, ஸ்டெல்லா டீயோடு வந்து நிற்கிறாள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் மகனைக் காட்டிக்கொடுத்துவிட்டு எப்படி எழுந்து வருவது? "சரிண்ணே" என்றேன். டீயைக் குடித்தேன். எனக்குச் சேராத மன்னிப்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எட்டு வருஷப் பழி எனக்கு வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் அது என்னைக் கூச வைக்கவில்லை, அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த மன்னிப்புதான் என்னைக் கூச வைக்கிறது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அப்பா, "விடுடி, கல்யாணம் முடியட்டும்" என்கிறார். முதலில் இன்டர்வியூ முடியட்டும் என்றோம், அப்புறம் விசா வரட்டும் என்றோம், அப்புறம் வேலை நிரந்தரமாகட்டும் என்றோம். கல்யாணம் முடிந்தால் பிள்ளை பிறக்கட்டும் என்போம். அதற்குள் சாமி அண்ணன் முதுகு உடைந்துவிடும்.

கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எழுதுகிறேன். நிவேதாவோடு சண்டை போடு, தப்பில்லை, நானும் உன் அப்பாவும் போடாத சண்டையா? கோபித்துக்கொண்டு ஒருவேளை சாப்பிடாமலும் இரு. ஆனால் அவள் "என்ன ஆச்சு" என்று கேட்டால், "கோவமா இருக்கேன், இப்பப் பேசாதே" என்று அதையாவது சொல்லு. நெட்டு சரியில்லை என்று எழுந்து போகாதே. எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் சும்மா இருக்கிறானா, அறுந்துபோய்விட்டானா என்று தெரியாமல் ஒரு பொம்பளை வாழக்கூடாது. எனக்கு அது தெரியும், நான் ஒரு மகனோடு அப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறேன். நல்லதைச் செய்தால் 'நான்' என்றும் கெட்டுப்போனால் 'அவள்' என்றும் சொல்லாதே. முதல் தடவை அவள் பொறுத்துக்கொள்வாள், என்னை மாதிரி. அவளைப் பார்த்தால் இரண்டாவது தடவை பொறுப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்.

எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஊருக்கு வருகிறாய். வந்த அன்றைக்கே சாமி அண்ணன் வீட்டுப் படியேறு. அந்த மீட்டர் என்னுடையது, அம்மா வேண்டாம் என்று சொன்னாங்க, நான் கேட்கவில்லை என்று சொல்லு. அவ்வளவுதான், காலில் விழச் சொல்லவில்லை. அவர் உன்னைத் திட்டலாம், திட்டாமல் டீயும் கொடுக்கலாம். எதுவானாலும் அது உனக்குச் சேர வேண்டியது, என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போ. முடியாது என்றால் முடியாது என்று எனக்கு எழுது. ஏசி எழுது, 'கிழவிக்குப் பைத்தியம்' என்றுகூட எழுது, படித்துக்கொள்கிறேன். கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.

நீ போகாமலும் இருந்துவிடலாம், உன்னை யாரும் கட்டி இழுத்துப்போகப் போவதில்லை. ஆனால் சாமி அண்ணன் வருகிறேன் என்றால் வருகிற ஆள். இருக்கிற ஒரு நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டெல்லாவோடு மண்டபத்துக்கு வருவார், வரிசையில் நின்று மேடை ஏறுவார். உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அந்த வெகுளி மனுஷன் நிவேதா காதுபடவே, "அம்மாமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி, எல்லாத்தையும் மன்னிச்சாச்சு" என்பார். உன் பக்கத்தில் நான் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருப்பேன். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
அந்த மீட்டரைக் கட்டாத
உன் அம்மா